பத்து ராத்திரி பாரதக் கூத்து: ஜமா பேசுவது முதல் படுகளம் வரை

கேள்வி இது: “செய்யாற்றுப் பக்கம் எங்கள் ஊர்த் திரௌபதியம்மன் கோவிலில் பல வருஷமாக விட்டுப்போன பாரதத் திருவிழாவை வரும் சித்திரையில் மறுபடி வைக்கிறோம். குழுவில் இருப்பவர்கள் எல்லாரும் இளவட்டம், யாருக்கும் அனுபவம் இல்லை. பத்து ராத்திரி கூத்து. ஜமா (கூத்துக் குழு) அமர்த்துவது தொடங்கி என்னென்ன பார்க்க வேண்டும்? பணம் போதாவிட்டால் எதைக் குறைப்பது?”

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். பணம் போதாவிட்டால் இரவுகளைக் குறையுங்கள். ஓர் இரவுக்குள் நேரத்தை வெட்டாதீர்கள். பத்து அரை ராத்திரியை விட ஐந்து முழு ராத்திரி எவ்வளவோ மேல். “பன்னிரண்டு மணியோடு முடித்துக்கொள்ளுங்கள், சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்” என்று பேசும் குழுக்கள் இப்போது பெருகிவிட்டன. அவர்கள் பார்ப்பது கூத்தின் முன்பாதியை மட்டும்தான். கட்டை வேஷம் (மரக் கிரீடமும் புஜக்கட்டையும் பூட்டிய பெரிய வேஷம்) ஒன்று திரைக்குப் பின்னால் நின்று விருத்தம் பாடி, திரைமேல் கை வைத்து ஆடி, திரை விலகி, தன் பெயரும் பெருமையும் சொல்லி, களரி என்னும் ஆடுகளத்தைச் சுற்றிச் சுழன்றாடிக் கிறிக்கி அடித்து முடிக்க அரை மணியிலிருந்து முக்கால் மணி ஆகும். ஒரு நாடகத்தில் அப்படி நாலைந்து பிரவேசம் வரும். இவையெல்லாம் முடிந்து இரண்டு கட்டை வேஷம் நேருக்கு நேர் நிற்கும்போது மணி இரண்டைத் தாண்டியிருக்கும். துகிலுரிதலும் கர்ணன் சாவும் விடியற்காலைக்கென்றே வைக்கப்பட்டவை. அரை ராத்திரிக் கூத்தில் துரியோதனன் வருவான், பேசுவான், அவ்வளவுதான்.

எனவே விழாக் குழுவின் வேலை, ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரையுள்ள எட்டு மணி நேரத்தையும் களரி என்ற அந்த நாலு சதுர மண்ணையும் காப்பாற்றிக் கொடுப்பது. மற்றதை ஜமா பார்த்துக்கொள்ளும்.

ஜமா பேசுவதிலிருந்து வருவோம். மாசி மயானக் கொள்ளை முடிந்ததும் சீசன் தொடங்குகிறது. பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி என்று ஓடி ஆடியில் கூழ் வார்க்கும் ஊர்களின் ஒற்றை ராத்திரிக் கூத்துகளோடு இறங்கிவிடும். அதற்குப் பிறகு கருமாதிக்குக் கர்ண மோட்சம், பெருமாள் கோவிலுக்கு இரணியன் என்று அங்கொன்றும் இங்கொன்றும்தான். இந்த நாலைந்து மாதச் சம்பாத்தியத்தில்தான் கூத்தாடிகள் வருஷத்தை ஓட்டுகிறார்கள். 2020இல் ஊரடங்கு மார்ச் 25 அன்று, சீசன் சூடு பிடிக்கும் நேரத்தில் வந்தது. 2021 மே மாதத்திலும் அதேதான். இரண்டு சீசன் அப்படிப் போனது. ஆகவே நல்ல ஜமாவின் தேதி வேண்டுமானால் தை பிறந்ததும் போய்விடுங்கள். பங்குனியில் போய் நின்றால் கிடைப்பது மிச்சம் மீதி.

வெற்றிலை பாக்கில் முன்பணம் வைத்துக் கொடுப்பதுதான் ஒப்பந்தம். அந்த முறை இருக்கட்டும், கூடவே ஒரு தாளிலும் எழுதிக்கொள்ளுங்கள். எழுத வேண்டியது தொகையும் தேதியும் மட்டுமல்ல. ஒவ்வொரு ராத்திரிக்கும் எந்த நாடகம், துரியோதனன், கர்ணன், வீமன், துச்சாதனன், திரௌபதி, கட்டியக்காரன் (அறிவிப்பும் வேடிக்கையும் செய்பவன்) ஆகிய வேஷங்களை யார் கட்டுவது என்று ஆள் பெயரோடு எழுதுங்கள். சித்திரைப் பௌர்ணமி, வைகாசி விசாகம் போன்ற நாட்களில் ஒரே ஜமாவை இரண்டு ஊருக்குப் பிரித்து அனுப்பும் வழக்கம் உண்டு. ஜமாவின் தலைவரான வாத்தியார் ஒரு ஊரில் இருப்பார். மற்ற ஊருக்குப் பெட்டியும் மத்தளமும் போகும், வேஷக்காரர்கள் வெளி ஜமாவிலிருந்து கூலிக்கு வந்து சேர்வார்கள். பாட்டு எல்லாருக்கும் தெரிந்திருந்தாலும் எந்த இடத்தில் எவ்வளவு இழுப்பது, எங்கே விட்டுக்கொடுப்பது என்பது ஒன்றாக ஆடிப் பழகியவர்களுக்குத்தான் வரும். கூலி வேஷக்காரர்கள் நிறைந்த ராத்திரியில் வசனம் நீளும், ஆட்டம் குறையும். பெயர் எழுதிக் கேட்டால் வாத்தியாருக்குக் கோபம் வராது, விவரம் தெரிந்த ஊர் என்று நினைத்துக்கொள்வார்.

எத்தனை பேர் வருவார்கள் என்றும் கேளுங்கள். நடிகர்கள் ஒன்பது பத்து, முகவீணை (சிறு நாதஸ்வரம் போன்ற ஊதுகருவி), மத்தளம், ஆர்மோனியம், தாளம், பின்பாட்டு என்று நாலைந்து பேர், ஆக 14, 15 பேர் இருந்தால்தான் பாரதத்தைத் தாங்க முடியும். பத்துப் பதினொரு பேரோடு வரும் ஜமாவில் ஒரே ஆள் மூன்று வேஷம் மாற்றுவார். அவர் வேஷம் மாற்றும் நேரத்தைக் கட்டியக்காரன் பேசியே நிரப்புவான். முகவீணை உண்டா என்று தனியாகக் கேளுங்கள். அதை ஊதுகிறவர்கள் குறைந்துவிட்டதால் சில ஜமாக்கள் ஆர்மோனியத்தை மட்டும் வைத்து ஓட்டுகின்றன. கட்டை வேஷத்தின் உச்சக் குரலோடு போட்டி போட்டு அதை இன்னும் மேலே தள்ளுவது முகவீணைதான். அது இல்லாத கூத்து உப்பில்லாத கூழ்.

ஜமாவை முடிவு செய்யுமுன் வடக்கத்திப் பாணியா, தெற்கத்திப் பாணியா என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவிடுங்கள். ராகமும் ஆட்டமும் மட்டுமல்ல, சில நாடகங்களின் போக்கே மாறும். கேட்டுப் பழகிய காதுகள் முதல் ராத்திரியே குறை சொல்லத் தொடங்கிவிடும்.

அடுத்தது நாடக வரிசை. குழுக்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான், ஏனென்றால் கூத்தைத் தனியாகப் பேசுகிறார்கள். பாரதம் என்பது பகலில் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, இடையிடையே கோவில் சடங்கு என்று மூன்று கயிறு முறுக்கிய வடம். பிரசங்கி மதியம் இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை வில்லிபாரதத்தையும் நல்லாப்பிள்ளை பாரதத்தையும் வைத்துக் கதை சொல்லுவார். அன்று பகலில் அவர் சூதாட்டத்தை முடித்தால்தான் ராத்திரி பகடை துகில் ஆட முடியும். பிரசங்கம் பெரும்பாலும் கூத்துக்குப் பல நாள் முன்பே கொடியேற்றத்தோடு தொடங்கும். பத்து ராத்திரிக் கூத்துக்கு வழக்கமான வரிசை இப்படிப் போகும்: வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசகன் சண்டை அல்லது மாடுபிடி சண்டை, கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர். அரவான் களபலியைத் தனி ராத்திரியாக வைக்கும் ஊர்கள் போருக்கு முன்னால் ஒரு நாளை ஒதுக்கிக்கொள்ளும். பதினெட்டாம் போர் விடிந்ததும் படுகளம் (தரையில் மண்ணால் செய்த துரியோதனன் உருவத்தின்மேல் போரை முடிக்கும் சடங்கு), அன்று மாலை தீமிதி, மறுநாள் தருமர் பட்டாபிஷேகம்.

ஐந்து ராத்திரிதான் முடியும் என்றால் வில்வளைப்பு, பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் ஆகியவற்றை வையுங்கள். இவற்றில் நான்கு, பகலில் நடக்கும் சடங்கோடு ஒட்டியவை. அம்மன் கல்யாணம் இல்லாமல் வில்வளைப்பு இல்லை, அர்ச்சுன வேஷக்காரர் ஏறும் தபசு மரம் இல்லாமல் தபசு இல்லை, துகில் அன்று விரித்த கூந்தல்தான் படுகளத்தில் முடியப்படுகிறது. கர்ண மோட்சம் சடங்குக்காக இல்லை, ஜனங்களுக்காக. கர்ணன் மனைவி பொன்னுருவி புலம்பும் கட்டத்துக்குக் கூடும் கூட்டம் மற்ற ராத்திரிகளில் கூடாது. விட்டுப்போன நாடகங்களின் கதையைப் பிரசங்கி பகலில் இட்டு நிரப்பிவிடுவார். அதற்காகவே பிரசங்கியையும் வாத்தியாரையும் மாசியிலேயே ஒரு திண்ணையில் உட்காரவைத்து நாள்வாரியாகத் தாளில் எழுதி, இரண்டு பேரிடமும் ஒவ்வொரு படி கொடுங்கள்.

இனி அனுமதி. ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் 2000இன்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. பண்பாட்டு, சமய விழாக்களுக்கென்று மாநில அரசு தளர்வு தரலாம். அதுவும் நள்ளிரவு 12 வரைதான், வருஷத்துக்கு மொத்தம் 15 நாளுக்கு மேல் இல்லை. கூத்து தொடங்கும் நேரமும் சட்டம் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்லும் நேரமும் ஒன்றாக இருப்பதைக் கவனியுங்கள். காவல் நிலையத்தில் மனு கொடுக்கும்போது “கலை நிகழ்ச்சி” என்று பொதுவாக எழுதினால் ஆடல் பாடல் நிகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டு ஆயிரம் நிபந்தனை போடுவார்கள். “திரௌபதியம்மன் கோவில் பாரதத் திருவிழா, மரபான தெருக்கூத்து” என்று எழுதி நாடகப் பட்டியல், ஜமாவின் பெயர், களரியின் வரைபடம், உபயதாரர் பட்டியல் எல்லாவற்றையும் இணையுங்கள். தேர்தல் வரும் வருஷமானால் பங்குனி, சித்திரையில் நடத்தை விதி அமலில் இருக்கும். அந்த வருஷம் வைகாசிக் கடைசிக்கோ ஆனிக்கோ தள்ளுவதுதான் புத்தி.

பன்னிரண்டு மணிக்கு மேல் என்ன செய்வது? மைக்கை அணைத்துவிட்டு ஆடுவதுதான். நம்பிக்கை வராது, ஆனாலும் கூத்து மைக் இல்லாத காலத்தில் உருவான கலை. தொண்டையைத் திறந்து உச்சத்தில் பாடுவதும், ஓர் அடியை நடிகர் பாடப் பின்பாட்டு திரும்பப் பாடுவதும், முகவீணை கூர்மையாக இருப்பதும் வீண் பழக்கங்கள் அல்ல, கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. களரியைச் சரியாக அமைத்து, ஜெனரேட்டரைத் தள்ளி வைத்துவிட்டால் நானூறு ஐந்நூறு பேருக்கு நடு ராத்திரியில் மைக் இல்லாமலே கேட்கும். இதை வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இளைய நடிகர்கள் மைக்குக்கே பாடிப் பழகியவர்கள். பின்பாட்டுக்கு இரண்டு ஆள் கூடுதலாகக் கூட்டி வர வேண்டியிருக்கும். பன்னிரண்டுக்கு முந்திய நேரத்துக்குக் கூம்பு ஒலிபெருக்கி வேண்டாம், நாலு பெட்டி ஸ்பீக்கர் போதும். களரிக்கு மேலே கயிற்றில் இரண்டு மைக் தொங்கவிடுவார்கள். துரியோதனன் கிரீடத்தோடு நின்றால் தரையிலிருந்து ஏழரை அடியைத் தொடுவார் என்பதை நினைவில் வைத்து எட்டரை அடி உயரத்தில் கட்டுங்கள். தாழ்வாகக் கட்டினால் கிறிக்கி அடிக்கும்போது கிரீடம் மோதிக் கண்ணாடிச் சில்லு உதிரும். சட்டையில் குத்தும் மைக் கூத்துக்கு ஆகாது. மார்புக்கட்டை அதில் இடிக்கும், அரை மணிக்குள் வியர்வையில் நனைந்தும் போகும்.

களரி. கோவிலுக்கு எதிரே, அம்மன் பார்வையில், 20 அடிக்கு 20 அடி வெறும் மண் தரை வேண்டும். பின்பக்கம் இசைக்காரர்களுக்கு ஒரு நீளப் பெஞ்சு, முன்னும் இரு பக்கமும் ஜனம். வேஷக் கொட்டகையிலிருந்து களரிக்கு நாலு அடி அகலத்தில் ஒரு தடம் கட்டாயம் விட வேண்டும். குழந்தைகள் பதினொரு மணிக்கெல்லாம் அந்தத் தடத்தில் பாய் போட்டுத் தூங்கிவிடும், கட்டை கட்டியவருக்குக் காலடி தெரியாது. அதனால் இரு பக்கமும் கயிறு கட்டி, ஒரு ஆளையும் நிறுத்துங்கள்.

தரையை இரண்டு நாள் முன்னாலேயே கொத்திச் சமன்செய்து, கல்லும் முள்ளும் பீங்கான் ஓடும் பொறுக்கி, தண்ணீர் தெளித்து மிதித்து இறுக்குங்கள். தினமும் சாயங்காலம் ஒரு தெளி தெளித்தால் போதும். ஈரம் அதிகமானால் வழுக்கும், காய்ந்தால் புழுதி எழுந்து பாடுகிறவர் தொண்டையில் இறங்கும். இப்போது பல ஊர்களில் கோவில் வாசலில் சிமெண்ட் சாலை வந்துவிட்டது. அதன்மேல் எட்டு மணி நேரம் சலங்கை கட்டி ஆடினால் முழங்கால் போய்விடும். வேறு வழியில்லை என்றால் நாலு அங்குலம் செம்மண் கொட்டி நனைத்து இறுக்கிக்கொள்ளுங்கள். 20க்கு 20 களரிக்கு 130 கன அடிக்குச் சற்று மேல், அதாவது ஒன்றரை டிராக்டர் லோடுக்குள் முடிந்துவிடும். கம்பளமோ பிளாஸ்டிக் விரிப்போ போட்டுவிடாதீர்கள். கிறிக்கியில் கால் சுழலும்போது அது மடிந்து ஆளைக் கவிழ்க்கும்.

மேடை போடலாமா என்று கட்டாயம் யாராவது கேட்பார்கள். வேண்டாம். நாலடி உயரத்தில் ஏற்றினால் மூன்று பக்கப் பார்வை ஒரு பக்கமாகிவிடும். பகாசூரனும் துச்சாதனனும் கூட்டத்துக்குள் புகுந்து ஓடுகிற ஓட்டம் போய்விடும். பலகை மேடையில் சலங்கைச் சத்தத்தைவிடப் பலகைச் சத்தம்தான் பெரிதாகக் கேட்கும்.

விளக்குக்கு 100 வாட் எல்இடி ஆறோ எட்டோ போதும், மஞ்சள் ஒளியாகப் பார்த்து வாங்குங்கள். நீல வெள்ளையில் துரியோதனனின் சிவப்பு முகம் கத்தரிப்பூ நிறத்தில் செத்துத் தெரியும். கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிகள் பந்தத்தின் அசையும் வெளிச்சத்துக்காகச் செய்தவை என்பதால், திரை விலகும் நேரத்திலாவது இரண்டு தீப்பந்தம் பிடிக்கச் சொன்னால் வேஷத்தின் அழகே வேறு. விளக்குகளை முன்பக்க மூலைகளில் 12 அடி உயரத்தில் வையுங்கள். கோடை மழை பெய்த மறுநாள் ஈசல் கிளம்பினால் பாடுகிற வாயில் போகும். ஐம்பது அடி தள்ளி ஒரு வெள்ளை விளக்கை மற்றவற்றுக்கு அரை மணி முன்னால் போட்டு வைத்தால் பெரும்பாலும் அங்கே இழுத்துக்கொள்ளும். மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்குங்கள், கம்பியில் கொக்கி போடாதீர்கள். மின்சாரம் போனால் எடுக்க 5 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று போதும். அதை நூறு அடிக்கு அப்பால், ஒரு சுவருக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

வேஷக் கொட்டகைக்கு 15க்கு 20 அடி, மூன்று பக்கம் மறைப்பு, பாய், நல்ல வெளிச்சம், இரண்டு குடம் தண்ணீர், ஒரு லிட்டர் தேங்காய் எண்ணெய். அரிதாரமும் முத்துவெள்ளையும் குழைக்கவும், விடிந்ததும் துடைக்கவும் எண்ணெய் வேண்டும். சில ஜமாக்களில் இப்போது பெண்களும் வேஷம் கட்டுகிறார்கள், அவர்களுக்குத் தனி மறைப்பும் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறையும் கட்டாயம். முகம் எழுதவும் உடை கட்டவும் கட்டை பூட்டவும் பெரிய வேஷத்துக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கல்யாண முருங்கை மரத்தில் செய்வதால்தான் கட்டைகள் அந்தப் பருமனுக்கு லேசாக இருக்கின்றன, ஆனாலும் கயிறு தளர்ந்தால் ஆட்டத்தில் கழன்றுவிடும், இறுகினால் கை மரத்துப் போகும். கயிறு கட்டும் நேரத்தில் செல்ஃபி எடுக்க உள்ளே கூட்டம் போகாமல் வாசலில் ஒரு கண்டிப்பான பெரியவரை உட்காரவையுங்கள்.

ராத்திரியின் நடை ஏறத்தாழ இப்படி: ஏழரைக்கு ஜமா வந்து சேர்ந்து சாப்பாடு, ஒன்பதரை, பத்துக்குக் களரி கட்டி மேளம், சுற்று ஊருக்கெல்லாம் அதுதான் அழைப்பு. விநாயகர் துதி முடிந்து பத்தரைக்குக் கட்டியக்காரன், பதினொன்றுக்கு முதல் கட்டை வேஷம், ஆறுக்கு மங்களம். இதைக் கெடுப்பவை இரண்டு.

ஒன்று மரியாதைச் சண்டை. ஒவ்வொரு ராத்திரிக்கும் ஓர் உபயதாரர் இருப்பார். மாலை யாருக்கு முதலில் என்ற பேச்சு பத்து மணிக்குத் தொடங்கினால் பதினொன்றரை ஆகும், அந்த ஒன்றரை மணி நேரத்தை விடியற்காலைக் கட்டத்திலிருந்துதான் வாத்தியார் கழிப்பார். வரிசையை முன்பே எழுதிக் கோவிலில் ஒட்டிவிடுங்கள், மரியாதைகளை ஒன்பது மணிக்குள் முடியுங்கள். யார் கோவிலுக்குள் வரலாம், யார் எங்கே உட்காரலாம் என்ற பேச்சு உங்கள் ஊரில் இருந்தால் அதையும் கொடியேற்றத்துக்கு முன்பே எல்லாத் தெருக்காரர்களையும் குழுவில் சேர்த்துத் தீர்த்துவிடுங்கள். விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் பட்டியல் சாதியினர் உள்ளே வருவதை ஒட்டி எழுந்த தகராறில் 2023 ஜூனில் திரௌபதியம்மன் கோவிலையே பூட்டி முத்திரை வைத்தார்கள். பாரதம் ஊருக்குப் பொது; ஒரு தெருவை வெளியே நிறுத்தி வைத்து நடத்துவதற்கு நடத்தாமலே இருக்கலாம்.

இன்னொன்று அன்பளிப்பு. வேஷம் நன்றாக இருந்தால் ரூபாய் நோட்டைக் குத்துவார்கள், கட்டியக்காரன் ஆட்டத்தை நிறுத்திப் பெயர் சொல்லிப் பாராட்டுவான். ஜமாவுக்கு அது நியாயமான வருமானம், தடுக்கக் கூடாது. ஆனால் பத்து ரூபாய்க்கு ஒரு நிறுத்தம் என்று போனால் கர்ணன் சாவதற்குள் சூரியன் வந்துவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வாங்கி, வேஷம் மாறும் இடைவெளியில் மொத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். துகிலுரியும் கட்டத்தில் ஒரு அறிவிப்பும் கூடாது. அந்த நேரத்தில் கற்பூரம் ஏற்றிவிட்டுத்தான் துச்சாதன வேஷக்காரர் சேலையில் கை வைப்பார். ஆவேசம் வந்து மயங்கி விழுவதும் உண்டு. களரி ஓரத்தில் திடமான நாலு பேரையும் தண்ணீரையும் தயாராக வையுங்கள்.

சாப்பாடு, தூக்கம். பத்து ராத்திரி ஒரே ஜமா என்றால் அவர்கள் பகலில் தூங்கியாக வேண்டும். காலை எட்டிலிருந்து இரண்டு வரை மின்விசிறியோடு ஓர் இடம் வேண்டும். பள்ளிக்கூடக் கட்டடமோ சமுதாயக் கூடமோ கிடைத்தால் நல்லது. அது பிரசங்க ஒலிபெருக்கிக்கு அருகே இருக்கக் கூடாது. இதைக் கவனிக்காத ஊர்களில் நாலாம் ராத்திரி எல்லாருடைய குரலும் கட்டிவிடும், ஏழாம் ராத்திரி ஆட்டம் நடையாகிவிடும். பிறகு ஜமா சரியில்லை என்பார்கள். ராத்திரிச் சாப்பாடு எட்டுக்குள், எண்ணெய்ப் பலகாரம் இல்லாமல். பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் சூடாகத் தேநீர், எப்போதும் வெந்நீர். ஐஸ் தண்ணீரும் குளிர்பானமும் பாடுகிற தொண்டைக்கு ஆகாது. சாராயம் வாங்கிக் கொடுத்து மரியாதை செய்கிற அன்பர்கள் எல்லா ஊரிலும் இருப்பார்கள், அவர்களைக் கொட்டகைப் பக்கம் விடாதீர்கள்.

மழை. சித்திரை வைகாசியில் திடீரென்று பெய்யும். நனைந்தால் கட்டைகளில் ஒட்டிய தங்கத்தாளும் கண்ணாடியும் விடும், மத்தளத் தோல் தொய்யும். பத்துக்குப் பதினைந்தில் ஒரு தார்ப்பாய் கொட்டகையிலும் இசைப் பெஞ்சின் மேலும் தயாராகக் கட்டியிருக்கட்டும். முதல் கட்டை வேஷம் வருமுன் மழை வந்தால் என்ன சம்பளம், பிறகு வந்தால் என்ன, மாற்று ராத்திரி உண்டா என்று ஒப்பந்தத் தாளிலேயே எழுதிவிட்டால் நனைந்துகொண்டே சண்டை போட வேண்டாம்.

தபசு மரத்தைப் பற்றி எச்சரிக்கையாகவே சொல்ல வேண்டும். நாற்பது அடிப் பனை என்றால் ஆறு அடியாவது மண்ணுக்குள் போக வேண்டும், குழியைக் கல்லும் மண்ணும் மாற்றி மாற்றிப் போட்டு இடித்து நிரப்ப வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு உயரத்தில் நாலு திசைக்கும் கயிறு இழுத்துக் கட்டுங்கள். அடிக்கு ஒரு படி, மேலே இருவர் பாரம் தாங்கும் பரண். மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத இடமாகப் பாருங்கள், ஏறும் நேரத்துக்கு மின்வாரியத்தில் சொல்லி நிறுத்தியும் வையுங்கள். முந்தின நாள் இரண்டு மணல் மூட்டையைப் பரணில் ஏற்றி ஆட்டிப் பாருங்கள். அர்ச்சுன வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாக ஏறி, மேலிருந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வில்வமும் வீசுவார். பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் கீழே விழுந்து கிடப்பார்கள், பழத்துக்குக் கூட்டம் பாயும்போது அவர்கள் மிதிபடக் கூடாது. மரத்தைச் சுற்றி இரண்டு வளையமாகக் கயிறு கட்டி, உள்வளையத்தில் வேண்டுதல்காரர்களும் வெளியே மற்றவர்களும் என்று பிரித்துவிட்டால் தீர்ந்தது.

படுகளத்துக்குத் துரியோதனனை மண்ணில் படுக்கவைக்கும் வேலையை முந்தின நாள் காலையிலேயே தொடங்குங்கள். நாற்பது அடி நீளம், சராசரி எட்டடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் 480 கன அடி மண் பிடிக்கும், டிராக்டருக்கு 100 என்று வைத்தால் ஐந்து லோடு. ஏரி வண்டலும் செம்மண்ணும் கலந்தால் பிளக்காது. வெறும் வண்டல் மறுநாள் வெயிலில் வெடித்துவிடும். தொடையில் குங்குமம் கரைத்த தண்ணீர்ப் பானையைப் புதைத்து, மேலே மெல்லிய மண்பூச்சு விடுங்கள். கனமாகப் பூசினால் வீமன் மூன்று அடி அடித்தும் உடையாமல் ஜனம் சிரித்துவிடும்.

இங்கே இன்னொரு கணக்கும் இருக்கிறது. வீமனும் துரியோதனனும் ராத்திரி முழுக்கப் பதினெட்டாம் போர் ஆடியவர்கள். ஆறு மணிக்கு முடித்துவிட்டு, அதே வேஷத்தில் படுகளத்துக்கு வந்து உருவத்தின்மேல் ஏறிச் சண்டை போட வேண்டும். வைகாசி வெயிலில் பத்து மணிக்கு மேல் கட்டையோடு நிற்பது ஆபத்து. ஏழரைக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் தொடையைப் பிளந்துவிடுங்கள். நிழலுக்கு ஒரு பந்தலும், உப்பும் எலுமிச்சையும் கலந்த மோரும் கூடவே போகட்டும். எம்எல்ஏ வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பிறகு அம்மன் கூந்தல் முடிவதும் காந்தாரி முறத்தோடு வந்து புலம்புவதும் நிதானமாக நடக்கலாம், அவர்களுக்குக் கட்டை பாரம் இல்லை.

தீமிதிக் குழியை ஊர்ப் பூசாரி பார்த்துக்கொள்வார். உங்கள் பங்குக்குத் தீயணைப்பு நிலையத்துக்கு எழுதிக் கொடுங்கள், விறகில் ஆணி இருக்கும் பழைய மரச்சாமான் சேராமல் பாருங்கள், வேகாத கட்டைத் துண்டுகளை மிதிக்குமுன் வாரி எடுக்கச் சொல்லுங்கள். கைக்குழந்தையோடு இறங்க யாரையும் விடாதீர்கள்.

மீதிச் சம்பளத்தைப் பட்டாபிஷேகம் முடிந்த கையோடு, பெட்டிகள் வண்டியில் ஏறுமுன் எண்ணிக் கொடுத்துவிடுங்கள். அன்று ராத்திரியே அவர்களுக்கு வேறு ஊரில் களரி கட்ட வேண்டியிருக்கும்.